பூட் ஆக மறுக்கும் லினக்ஸ் பென் டிரைவ்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

விண்டோஸ் 10 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதி முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11 ஏற மறுக்கும் பழைய மடிக்கணினிகள் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டு மேசைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவும் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நிறுவுவதற்குரிய பென் டிரைவைக் கணினி ஏற்றுக்கொள்ளச் செய்வதில்தான் பல மாலைகள் கழிந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் தன் மடிக்கணினியை ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுபோனபோது மதர்போர்ட் பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வேறொரு பென் டிரைவைச் செருகியதும் அதே கணினி முதல் முயற்சியிலேயே எழுந்தது. எனவே கீழேயுள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் பென் டிரைவையும் அதில் எழுதிய கோப்பையும் முதலில் சோதிக்கிறேன். கணினியைத் திறப்பது கடைசியில்தான்.

வேலையைத் தொடங்குமுன் 8 ஜிபிக்குக் குறையாத இரண்டு பென் டிரைவுகளை, இயன்றால் இரு வேறு தயாரிப்பாளர்களுடையவையாக, எடுத்துவையுங்கள். ஏற்கெனவே பென் டிரைவிலிருந்து பூட் ஆகி (அதாவது எழுந்து) அனுபவப்பட்ட இன்னொரு கணினியும் அருகில் இருந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பென்னையும் போர்ட்டையும் பயோஸ் (இயங்குதளம் எழுமுன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பிழை என்பது வேலை முடிந்த பிறகும் தெரியவராது.

## அறிகுறி 1: எழுதும்போது இடையில் நின்றுவிடுகிறது, அல்லது எழுதி முடித்தபின் சரிபார்ப்பில் தோற்கிறது

போர்ட்டும் இணைப்பும். மேசைக் கணினியாயின் முன்பக்கத்துப் போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்ட்டோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும் பின்பக்கத்துப் போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் இடையில் இருந்தால் அகற்றிவிடுங்கள். கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் பென் டிரைவின் உலோக முனையை வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்: உப்புக் காற்று பட்ட தங்கநிறத் தகடுகளில் மங்கலான பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகினால், கைவிட்ட சில பென்கள்கூடத் திரும்பி வருகின்றன.

தரவிறக்கம் செய்த ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸ் நிறுவியின் முழுப் பிரதி). லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 மேசைப் பதிப்பின் கோப்பு 6 ஜிபிக்கு அண்மையான பருமனுடையது. இரவு டேட்டாவில் இறக்கும்போது இணைப்பு அறுந்தால், கோப்பு முழுமையடைந்ததுபோல் தோற்றமளித்தும் உள்ளே குறைபட்டிருக்கலாம். ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டோடும் எஸ்எச்ஏ256 என்னும் சரிபார்ப்பு எண் தரப்படுகிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் அந்த எண்ணைக் கணித்துத் தரும் கருவி இயங்குதளத்துடனேயே வருகிறது. கணித்த எண்ணின் முதல் ஆறு எழுத்துகளையும் கடைசி ஆறு எழுத்துகளையும் ஒப்பிட்டால் வீட்டுத் தேவைக்குப் போதும். ஒவ்வாவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதே வழி. இலங்கையின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் உபுண்டுவின் பிரதிகளை நாட்டிற்குள்ளேயே வைத்திருக்கிறது. தொலைவிலுள்ள சேவையகம் இடையிடையே அறுந்தால் அதைத் தேர்ந்து பாருங்கள்.

போலிக் கொள்ளளவு. மலிவுப் பென் டிரைவுகளில் இது நான் அடிக்கடி காணும் வஞ்சகம். வீதியோரத்தில் வாங்கிய 64 ஜிபி பென் ஒன்றில் முதல் 7 ஜிபி வரை எழுத்து ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு எழுதியவை எல்லாம் எங்கும் சேமிக்கப்படவில்லை. உள்ளே இருந்தது 8 ஜிபி சிப், அதன் கட்டுப்பாட்டு மென்பொருள் 64 என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இதைப் பிடிக்க லினக்ஸில் எஃப்3 என்ற கருவியும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியும் உள்ளன; இரண்டும் பென் முழுவதையும் நிரப்பி, பிறகு திரும்பப் படித்துப் பார்ப்பதால் நேரம் எடுக்கும். பென்னில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியைப் பயன்படுத்துபவர்கள் கெட்ட பகுதிகளைச் சோதிக்கும் பெட்டியைத் தெரிவுசெய்தால் அதுவும் போலியைக் காட்டிக்கொடுக்கும். போலி என்று தெரிந்த பென்னைச் சிறிய கோப்புகளுக்காகக்கூட வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு வேறு பென்களும் ஒரே கணினியில் தோற்று, வேறு கணினியில் வெற்றிபெற்றால் பழுது முதற்கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் இருக்கிறது. அப்போது மட்டும் திருத்துநரிடம் போங்கள்.

## அறிகுறி 2: எழுதி முடிந்துவிட்டது, ஆனால் பூட் மெனுவில் பென் டிரைவின் பெயரே இல்லை

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

கோப்பை நகலெடுத்துவிட்டீர்களா? பென் டிரைவை விண்டோஸிலோ லினக்ஸிலோ திறந்து பாருங்கள். உள்ளே ஐஎஸ்ஓ என முடியும் ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் தெரிந்தால், அது எழுதப்படவில்லை, வெறுமனே நகலெடுக்கப்பட்டிருக்கிறது. ரூஃபஸ், பலேனா எட்சர், லினக்ஸ் மின்ட்டில் உள்ள யூஎஸ்பி இமேஜ் ரைட்டர், உபுண்டுவில் உள்ள டிஸ்க்ஸ் ஆகியவற்றில் ஒன்றால் மறுபடி எழுதுங்கள். வென்டாய் என்ற கருவி மட்டும் இதற்கு விதிவிலக்கு: முதலில் வென்டாயைப் பென்னில் நிறுவிவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளை நகலெடுத்துப் போடுவதே சரியான முறை. எழுதும் இலக்காக எந்தத் தட்டைத் தெரிவுசெய்கிறீர்கள் என்பதை, பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள். தவறிப்போய் உள் வன்தட்டைத் தெரிவுசெய்தால் அதிலுள்ளவை போய்விடும்.

இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்டீர்களா? திரையில் நூறு வீதம் என்று வந்த பிறகும் பென் டிரைவின் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கலாம். கணினி தன் நினைவகத்தில் தேக்கிவைத்ததைப் பென்னுக்குள் அப்போதுதான் தள்ளிக்கொண்டிருக்கும். விளக்கு ஒரே நிலையில் நிற்கும் வரை காத்திருந்து, பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகு கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனாலும் இதே விளைவுதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியைவிட, பற்றரி நிறைந்த மடிக்கணினியில் எழுதுவது நல்லது.

சரியான விசையா? எதிலிருந்து எழுவது என்று தெரிவுசெய்யும் பூட் மெனுவைத் திறக்க ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு விசையை வைத்திருக்கிறார்கள். டெல், லெனோவோ, தோஷிபா ஆகியவற்றில் எஃப்12. எச்பியில் முதலில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசூஸ் மடிக்கணினியில் எஸ்கேப், ஆசூஸ் மதர்போர்ட்டில் எஃப்8. எம்எஸ்ஐயிலும் ஆஸ்ரொக்கிலும் எஃப்11. லெனோவோவின் சில மாதிரிகளில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு நோவோ துவாரம் உண்டு. அணைத்த நிலையில் அதனுள் குத்தினால் மெனு வரும். ஏசரில் எஃப்12 பூட் மெனு பெரும்பாலும் முடக்கப்பட்ட நிலையில் வருவதால், எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் சென்று அதை இயக்க வேண்டும். மேல்வரிசை விசைகள் ஒலியையும் திரை வெளிச்சத்தையும் மாற்றும் மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தாவிட்டால் எஃப்12 என்பது எஃப்12 ஆகப் போய்ச்சேராது.

விண்டோஸ் முழுமையாக அணைந்ததா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினி அணைப்பதுபோல் பாவனை செய்து அரைத்தூக்கத்தில் இருக்கும். மறுபடி எழும்போது விசைகளைக் கவனிக்க அதற்கு நேரமில்லை. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் அழுத்துங்கள். நீலத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்ற தெரிவு வந்தால், பூட் மெனு விசையைத் தேடும் தேவையே இல்லாமல் அங்கிருந்தே பென் டிரைவைத் தெரிவுசெய்யலாம். எஃப்12இற்காக விரல் வலிக்க அழுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பழைய கணினியும் புதிய அமைப்பும். 2012க்கு முந்திய கணினிகள் பலவற்றில் பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ இல்லை. ரூஃபஸில் பகிர்வு முறையை (பென்னைப் பகுதிகளாகப் பிரிக்கும் விதம்) ஜிபிடி என்று வைத்து எழுதிய பென் அத்தகைய கணினியில் தெரியாது. எம்பிஆர் என மாற்றி மறுபடி எழுதுங்கள். மாறாக, யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள புதிய கணினியில் பழைய லெகசி முறை வேலை செய்யாது. உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றின் கோப்புகள் இரண்டு முறைகளுக்கும் ஏற்ற விதத்தில் ஆக்கப்பட்டவை. அதனால் ரூஃபஸ் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும்போது கோப்பை உள்ளபடியே எழுதும் டிடி முறையைத் தெரிவுசெய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

இவை எதுவும் உதவாமல், அந்தப் பென் இன்னொரு கணினியில் மட்டும் பூட் ஆனால் பயோஸில் யூஎஸ்பி பூட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயோஸுக்குள் நுழையவே கடவுச்சொல் கேட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள். நிறுவனங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள் இரண்டாம் கையாக வரும்போது இந்தப் பூட்டு அப்படியே இருப்பதுண்டு. அதை வாங்கிய இடத்திலேயே நீக்கித் தரச் சொல்வதுதான் முறை. புதிய மாதிரிகளில் பற்றரியைக் கழற்றி மாட்டுவதால் இந்தப் பூட்டுத் திறக்காது.

## அறிகுறி 3: மெனுவில் தெரிகிறது, தெரிவு செய்தால் பாதுகாப்புச் செய்தி வருகிறது அல்லது மெனுவுக்கே திரும்பிவிடுகிறது

செக்யூர் பூட் எதிர்ப்பு. செக்யூர் பூட் என்பது ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத மென்பொருளிலிருந்து கணினி எழுவதைத் தடுக்கும் பாதுகாப்பு. உபுண்டு, ஃபெடோரா, 2019இல் வெளிவந்த டெபியன் 10 முதலான பதிப்புகள் செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகக் கூடிய கையொப்பத்துடன் வருகின்றன. ஆர்ச் போன்றவற்றில் அந்தக் கையொப்பம் இல்லை. வென்டாய் பென்னாயின் முதன்முறை வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் என்று நீலத் திரை வரும். பயப்படாமல் என்ரோல் கீ என்பதைத் தெரிந்து, வென்டாயின் சிறு பகிர்விலுள்ள சாவிக் கோப்பைக் காட்டிக்கொடுத்தால் அந்தக் கணினியில் மறுபடி கேட்காது.

எஸ்பிஏடி என்ற சொல் திரையில் வந்தால். 2024 ஓகஸ்ட்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, பழைய லினக்ஸ் பூட் கோப்புகளைக் கணினி நிராகரிக்கும்படி செய்தது. அதுவரை ஒழுங்காக வேலைசெய்த, இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்த பென் டிரைவுகள் திடீரெனப் பாதுகாப்பு மீறல் என்று சொல்லி அணைந்ததற்கு அதுவே காரணம். பென்னிலோ கணினியிலோ பழுதில்லை. அதே லினக்ஸின் அண்மைய வெளியீட்டை இறக்கி எழுதுங்கள்.

செக்யூர் பூட்டை அணைப்பது. மேலுள்ளவை பலிக்காதபோது மட்டும் செய்யுங்கள். அதற்கு முன் விண்டோஸில் வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையேல் எந்தத் திருத்துநராலும் கோப்புகளை மீட்க முடியாது. ஏசரில் செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால், முதலில் சுப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை வைத்தால்தான் அது மாற்ற விடும். மாற்றிய கையோடு அந்தக் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடுங்கள், இல்லையேல் ஆறு மாதம் கழித்து அதை மறந்துவிட்டு முந்தைய பகுதியில் சொன்ன பூட்டுக்குள் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

கட்டமைப்புப் பொருத்தமின்மை. கணினி ஐ686 சிபியூ மட்டுமே உடையது, எக்ஸ்86-64 தேவை என்ற பொருளில் செய்தி வந்தால் அது 32 பிட் கணினி. உபுண்டு மேசைப் பதிப்பு 2017 ஒக்டோபர் வெளியீட்டிலிருந்தே 32 பிட் கோப்பைத் தருவதில்லை. 2025இல் வந்த டெபியன் 13உம் அதன் நிறுவியைக் கைவிட்டது. டெபியன் 12இன் 32 பிட் கோப்பு இருக்கிறது. ஆனால் அத்தகைய கணினியில் இன்றைய உலாவி ஒன்றை ஓட்டும் பொறுமை உங்களுக்கு உண்டா என்பதை எண்ணிப் பாருங்கள்.

## அறிகுறி 4: லினக்ஸ் மெனு வருகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது அல்லது எழுத்துகளோடு நின்றுவிடுகிறது

கறுப்புத் திரை மட்டும். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் இது வழமை. உபுண்டு மெனுவில் சேஃப் கிராஃபிக்ஸ் என்ற வரியையும், மின்ட் மெனுவில் காம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியையும் தெரிந்து பாருங்கள். அப்படியொரு வரி இல்லையென்றால், முதல் வரியில் நின்று இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் முடிவில் நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே பொருந்தும் மாற்றம் என்பதால் பயமின்றி முயலலாம். மூன்று நிமிடம் பொறுங்கள். யூஎஸ்பி 2 பென் ஒன்றிலிருந்து எழும் கணினி மெதுவானது, உறைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு கட்டளை வரி. லினக்ஸின் மையப்பகுதி எழுந்துவிட்டது, ஆனால் தன் மீதிப் பகுதி இருக்கும் பென்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் போர்ட்டை மாற்றுங்கள்: நீல யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு. அது பலிக்காவிட்டால் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள். ஃபெடோரா போன்ற சில லினக்ஸ்கள் பென் டிரைவின் பெயரை வைத்தே அதைத் தேடுவதால், பென்னுக்கு ஆசையாக வேறு பெயர் சூட்டியிருந்தால் அதுவே பிழை.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை என்ற வரி மீண்டும் மீண்டும். கோப்பு குறைபட்டது அல்லது பென் தேய்ந்தது. அறிகுறி 1இன் சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை. ஒரே இடத்தில் நிற்கும் பிழை பெரும்பாலும் மென்பொருளினது. இடம் மாறிக்கொண்டிருக்கும் பிழை ரேம் மீது சந்தேகத்தை எழுப்ப வேண்டும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனைக் கருவியை ஒரு பென்னில் எழுதி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் போதும், ரேம் அல்லது அதன் பொருத்துமிடம் சரியில்லை. மின்சாரத்தையும் பற்றரியையும் துண்டித்து, ரேம் தகட்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரேம் மதர்போர்ட்டோடு ஒட்டி வரும் மெல்லிய மடிக்கணினிகளில் இந்த வழி இல்லை, அங்கே திருத்துநர்தான்.

## அறிகுறி 5: லினக்ஸ் திரை வந்துவிட்டது, ஆனால் நிறுவி வன்தட்டைக் காணவில்லை என்கிறது

இன்டெல் கணினிகளில் சேமிப்பகம் ரெய்ட், ஆர்எஸ்டி, விஎம்டி என்ற பெயர்களில் ஒன்றில் அமைக்கப்பட்டிருப்பது முதற்காரணம். பயோஸில் அதை ஏஎச்சிஐ என மாற்ற வேண்டும். விண்டோஸை வைத்திருக்கப்போகிறவர்கள் முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, அதன்பிறகு பயோஸில் மாற்றி, ஒருமுறை விண்டோஸுக்குள் சென்று வந்து சேஃப் மோடை நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

பயோஸ் திரையிலேயே வன்தட்டின் பெயர் இல்லையென்றால் லினக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், தட்டு இறந்திருக்கலாம். தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி எழுந்தால் மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே முக்கியமான படங்களோ ஆவணங்களோ இருந்தால் அந்த நிலையிலேயே தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 6: நிறுவி முடித்தேன், பென்னைக் கழற்றினால் எழவில்லை

பென்னை எந்த முறையில் பூட் செய்தீர்களோ அந்த முறையிலேயே லினக்ஸும் நிறுவப்படும். பூட் மெனுவில் ஒரே பென் இரண்டு முறை, ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடும் மற்றொன்று அது இல்லாமலும் தெரிந்திருக்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, நீங்கள் மற்றதைத் தெரிவுசெய்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காணாது. பென்னை யூஇஎஃப்ஐ வரியால் எழுப்பி மறுபடி நிறுவுங்கள். அப்படியில்லையெனில் பயோஸில் பூட் வரிசையைப் பாருங்கள். உபுண்டு என்ற பெயர் பட்டியலில் இருந்தும் விண்டோஸுக்குக் கீழே இருக்கலாம். பூட் கோப்புகள் தவறுதலாகப் பென் டிரைவுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், லினக்ஸை லைவ் முறையில் (நிறுவாமல் பென்னிலிருந்தே) எழுப்பி பூட் ரிப்பேர் கருவியை ஓட்டுவது போதும்.

பூட் வரிசை ஒவ்வொரு நாளும் பழையபடி திரும்புவதோடு கணினியின் திகதியும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தால், மதர்போர்ட்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணயப் பற்றரி இறந்துவிட்டது. மேசைக் கணினியில் நீங்களே மாற்றலாம். மடிக்கணினியில் அது கம்பியோடு இணைந்த வடிவில் இருந்தால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதிகளில் கழற்றிய பற்றரியைக் காட்டி அதே மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 7: வேலை முடிந்தது, ஆனால் பென் டிரைவ் இப்போது சில எம்பி மட்டும் காட்டுகிறது

பழுதல்ல. லினக்ஸ் பகிர்வுகளை விண்டோஸ் படிக்காது, அதனால் சிறு பகிர்வை மட்டும் காட்டி, மற்றதை ஃபோர்மட் செய்யவா என்று கேட்கும். பென் இன்னும் தேவைப்பட்டால் அந்தக் கேள்விக்கு மறுப்புச் சொல்லுங்கள். தேவையில்லையெனில் விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் பென்னைத் தெரிவுசெய்து கிளீன் கட்டளையைக் கொடுத்துப் புதிதாக ஃபோர்மட் செய்யலாம். லினக்ஸில் டிஸ்க்ஸ் செயலியே போதும். டிஸ்க்பார்ட்டில் தட்டின் எண்ணைப் பென்னின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே தெரிவுசெய்யுங்கள்: அங்கே பூச்சியம் என்பது பெரும்பாலும் உங்கள் உள் வன்தட்டு.